எட்டாம் வகுப்போடு முடிகிறதா கல்வி உரிமை? – வாசகர் கேள்வி பதில்

கல்வி உரிமைச் சட்டத்தையும் ஐக்கிய நாடுகள் சபையின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளையும் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்துவிட்டு, மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

ஐயா, எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் பேசியவர், இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டத்தை ஐ.நா.வின் நான்காவது இலக்கோடு இணக்கப்படுத்த வேண்டும் என்றார். சட்டம் இருக்கும்போது இலக்கு எதற்கு? இரண்டில் எதற்கு வலு அதிகம்?
– முதுகலை மாணவர், நாகமலை புதுக்கோட்டை

தம்பி, இரண்டும் பிறந்த இடம் வேறு, செய்யும் வேலையும் வேறு. 2002இல் நிறைவேறிய 86ஆவது திருத்தம் அரசமைப்புச் சட்டத்தில் 21-ஏ பிரிவைச் சேர்த்து, 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகள் அனைவருக்கும் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. அந்த உரிமைக்கு நடைமுறை வடிவம் கொடுத்த இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐ.நா. பொதுச் சபை 2015 செப்டம்பரில் ஏற்றுக்கொண்ட 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நான்காவது, கல்வியைப் பற்றியது. 2030க்குள் எல்லாச் சிறுவர் சிறுமியரும் கட்டணமில்லாத, தரமான தொடக்கக் கல்வியையும் மேல்நிலை வரையிலான கல்வியையும் முடித்திருக்க வேண்டும் என்பது அதன் முதல் குறிக்கோள். அதே ஆண்டு மே மாதம் தென் கொரியாவின் இஞ்சியோன் நகரில் கூடிய உலகக் கல்வி மாநாடு இதை இன்னும் தெளிவாகச் சொன்னது: 12 ஆண்டுக் கல்வி அரசின் செலவில் கிடைக்க வேண்டும், அதில் குறைந்தது 9 ஆண்டுகள் கட்டாயமாக இருக்க வேண்டும், பள்ளிக்கு முந்தைய கல்வியும் குறைந்தது ஓராண்டு கட்டணமின்றிக் கிடைக்க நாடுகள் வழிசெய்ய வேண்டும்.

வலுவைப் பற்றிக் கேட்டீர்கள். அருகில் பள்ளி இல்லை என்றோ, பள்ளி தன் குழந்தையைச் சேர்க்க மறுக்கிறது என்றோ ஒரு பெற்றோர் உலகனேரியில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். அரசு பதில் சொல்லியாக வேண்டும். நான்காவது இலக்கு நிறைவேறவில்லை என்று சொல்லி அதே நீதிமன்றத்தில் யாரும் பரிகாரம் கேட்க முடியாது. இலக்குகள் நாடுகள் தங்களுக்குள் கொடுத்துக்கொண்ட அரசியல் உறுதிமொழிகள். அவை குறித்து இந்தியா 2017இலும் 2020இலும் ஐ.நா.வில் தானாக முன்வந்து அறிக்கை வைத்தது. மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக், இந்த இலக்குகளை எட்டுவதில் மாநிலங்கள் எங்கே நிற்கின்றன என்று 2018 முதல் மதிப்பெண் போட்டு வருகிறது. அவ்வளவுதான் இலக்குகளின் பிடி. இந்தியா 1979இல் இணைந்த பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையும், 1992இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையும் சட்டக் கடமை உள்ளவை என்பதால், அவற்றை இந்த இலக்குகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் இலக்கு வெறும் பேச்சா என்றால், இல்லை. வயதிலும் கற்றலிலும் அது நமது சட்டத்தைவிட வெகுதூரம் போகிறது. சட்டத்துக்கு வலு இருக்கிறது, எல்லை குறுகியது. இலக்குக்கு எல்லை பெரியது, வலு இல்லை. அதனால் இணக்கப்படுத்துவது என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் ஒன்றே ஒன்றுதான்: இலக்கில் எழுதியிருப்பதை ஒரு தாய் அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று கேட்டுப் பெறக்கூடிய உரிமையாகச் சட்டத்துக்குள் கொண்டுவருவது. அறிக்கையின் வார்த்தைகளை ஐ.நா. ஆவணத்தோடு ஒத்துப்போக வைப்பதும், குறியீட்டுப் பட்டியலில் இரண்டு இடம் மேலே வருவதும் அந்த வேலையைச் செய்துவிடாது.

என் மகள் இந்த ஆண்டு எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். உயர்நிலைப் பள்ளி ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காலையில் ஒரே ஒரு பேருந்து. பஞ்சாலை வேன் மட்டும் எங்கள் தெருவுக்கே வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. "சட்டமே எட்டாவது வரைக்கும்தானே சொல்கிறது" என்கிறார் என் மாமியார். அது உண்மையா?
– ஒரு தாய், உசிலம்பட்டி வட்டம்

அம்மா, உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் இந்தப் பகுதியில் எத்தனையோ பெண்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இறக்கிவிடுகிறது என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான தொடக்கக் கல்விக்கு மட்டுமே உத்தரவாதம் தருகிறது. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. ஒன்பதாம் வகுப்புக்கு அப்படி எந்தச் சட்டக் கட்டாயமும் கிடையாது. ஐந்து கிலோமீட்டருக்குள் உயர்நிலைப் பள்ளி என்ற அளவுகோல் மத்திய அரசின் இடைநிலைக் கல்வித் திட்டத்தில் வந்தது. திட்டத்தில் இருப்பது நிதி இருக்கும் வரை இருக்கும், அதைக் காட்டி உரிமை கோர முடியாது. உங்கள் மகள் ஏழு கிலோமீட்டர் போக வேண்டியிருப்பது யாருடைய சட்டமீறலும் ஆகாமல் போவதற்குக் காரணம் இதுதான். அவளுக்கு இது அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் சட்டம் எட்டாம் வகுப்போடு நிற்பதால் படிப்பும் அங்கேயே நிற்க வேண்டும் என்று பொருள் இல்லை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் இல்லை. பாடநூல் இலவசம், பேருந்துப் பயண அட்டை இலவசம், பதினொன்றாம் வகுப்பில் மிதிவண்டி கிடைக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் முதல் நடக்கிறது. வேனில் ஏற்றிவிடலாமா என்று வீட்டில் யோசிக்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்கு முன் திருமணப் பேச்சு எடுத்தாலோ, வேலைக்கு அனுப்பும்படி வற்புறுத்தினாலோ 1098 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

இனி சட்டத்தை மாற்ற வேண்டியவர்களுக்கு. 14 வயது என்ற கோடு ஒரு சட்டத்தோடு நிற்கவில்லை. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், குழந்தை என்றால் 14 வயது நிறையாதவர் அல்லது கல்வி உரிமைச் சட்டம் குறிக்கும் வயதை எட்டாதவர், இவற்றில் எது கூடுதலோ அது, என்று வரையறுக்கிறது. 14 முதல் 18 வரை உள்ளவர்களைச் சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களில் மட்டும் சேர்க்கக் கூடாது; மற்றவற்றில் தடை இல்லை. ஆக, கல்வி உரிமைச் சட்டத்தின் வயதை 18 ஆக்கினால் வேலைக்கு வைக்கக் கூடாத வயதும் தானாகவே அதோடு உயர்ந்துவிடும். தனியாக இன்னொரு போராட்டம் தேவைப்படாது. நாடாளுமன்றமே இந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. வகுப்பறையிலும் இல்லாமல், சட்டத்தின் பார்வையில் குழந்தையாகவும் இல்லாமல், ஒன்பதாம் வகுப்பு வயதில் ஒரு பெண் நூற்புக் கூடத்தில் நிற்பதற்குக் காரணமான இடைவெளி ஒரே ஒரு திருத்தத்தால் அடைபடும் என்பது தெரிந்தும், இத்தனை ஆண்டுகளாக அது நடக்கவில்லை என்பது என் மனத்தை விட்டு அகலாத வருத்தம்.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பிரேசில் 2009இலேயே அரசமைப்பைத் திருத்தி 4 முதல் 17 வயது வரை கல்வியைக் கட்டாயம் ஆக்கிவிட்டது. நம்மைவிட வசதி குறைந்த நேபாளம் 2015 அரசமைப்பில் இடைநிலை வரை இலவசக் கல்வியை அடிப்படை உரிமையாக எழுதிக்கொண்டது. பக்கத்தில் இருக்கும் இலங்கை கட்டாயக் கல்வியின் மேல் வயதை 14இலிருந்து 16க்கு உயர்த்தியது.

உடனே செய்ய வேண்டியது இது: மாற்றுச் சான்றிதழைத் தாமதம் இல்லாமல் வாங்கி, கோடை விடுமுறை முடிவதற்குள் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். விடுமுறையில் வேலைக்குப் போன பிள்ளை ஜூனில் திரும்பி வருவது கடினம். உங்கள் ஊரில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, பள்ளி நேரத்துக்குப் பேருந்து கேட்டு மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் எல்லாத் தாய்மார்களும் சேர்ந்து மனு கொடுங்கள்.

எங்கள் மையத்துக்கு வரும் பிள்ளைகளை மூன்றரை வயதானதும் தனியார் பள்ளி எல்.கே.ஜி.க்கு மாற்றிவிடுகிறார்கள். 25 விழுக்காட்டு இடத்தில் கிடைத்துவிட்டது என்கிறார்கள். அங்கன்வாடிக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லையா?
– அங்கன்வாடிப் பணியாளர், வாடிப்பட்டி

இடம் இருக்கிறது, ஆனால் மிகவும் ஓரத்தில். மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு அரசு முன்பருவக் கல்விக்கு ஏற்பாடு செய்யலாம் என்று 11ஆவது பிரிவு சொல்கிறது; செய்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. 2002 திருத்தத்துக்குப் பிறகு அரசமைப்பின் 45ஆவது பிரிவும் ஆறு வயது வரையிலான பராமரிப்பையும் கல்வியையும் அரசு முயன்று செய்ய வேண்டிய நெறியாக மட்டுமே வைத்திருக்கிறது.

இதில் ஒரு பெரிய முரண் உண்டு. தனியார் பள்ளியில் முன்பருவ வகுப்பு இருந்தால், ஏழை, நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கான 25 விழுக்காட்டு ஒதுக்கீடு அந்த வகுப்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்று 12ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் குழந்தைக்கான செலவை அரசு பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஆக, நான்கு வயது ஏழைக் குழந்தைக்குச் சட்டப்படியான முன்பருவக் கல்வி உரிமை தனியார் பள்ளியின் வாசலில்தான் கிடைக்கிறது. உங்கள் மையத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த உரிமை இல்லை. உங்களுக்கு வரும் பிள்ளைகள் குறைவதற்குப் பெற்றோரின் ஆங்கில மோகம் மட்டுமே காரணம் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சத்துமாவு கொடுப்பது, எடை பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது, கர்ப்பிணிகளைக் கணக்கெடுப்பது, இதற்கு நடுவில் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுப்பது என்று ஒரே ஆள் அத்தனையும் பார்க்கும் இடத்தில், கல்வி எப்போதும் கடைசி வேலையாகத்தான் போய்விடுகிறது. 2019இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது நல்ல தொடக்கம். நான்காவது இலக்கின் இரண்டாவது குறிக்கோள் ஒவ்வொரு குழந்தையும் தொடக்கப் பள்ளிக்குத் தயாராகும் அளவுக்கு முன்பருவக் கல்வி பெற வேண்டும் என்கிறது. அதைச் சட்டத்தில் எழுதும்போது அங்கன்வாடியையே முன்பருவப் பள்ளியாக ஏற்று, கற்பிப்பதற்கென்றே தனியாக ஓர் ஆசிரியரை அங்கே நியமிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சுமையையும் உங்கள் தலையில் ஏற்றுவதாக இருந்தால் அந்தத் திருத்தமே வேண்டாம்.

ஈராசிரியர் பள்ளியில் வேலை செய்கிறேன். ஐந்து வகுப்புகள், நாற்பத்தேழு பிள்ளைகள். நான்காம் வகுப்புக்கு வந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் தேர்ச்சி என்ற விதிதான் தரத்தைக் கெடுத்தது என்று பேசுகிறார்கள். உலக இலக்கு கற்றல் விளைவையே கேட்கிறது. அப்படியானால் பழையபடி தேர்வு வைத்து நிறுத்திவைப்பதுதான் வழியா?
– இடைநிலை ஆசிரியர், மேலூர் ஒன்றியம்

ஆசிரியர் அவர்களே, நிறுத்திவைப்பது வழி இல்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளையை அதே வகுப்பில், அதே இரண்டு ஆசிரியர்களிடம், அதே முறையில் இன்னொரு வருடம் உட்கார வைத்தால் அவன் கூடுதலாக என்ன கற்றுக்கொள்வான்? ஒரு வயது பெரியவனாகிக் கூச்சத்தோடு பின்வரிசைக்குப் போவான், பிறகு வராமலே நின்றுவிடுவான். 2019இல் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவைத் திருத்தி, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழிவிட்டார்கள். தமிழ்நாட்டிலும் அந்த வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, எழுந்த எதிர்ப்பால் 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. கைவிட்டது சரி.

உலக இலக்கு கேட்பதையும் கவனமாகப் படிக்க வேண்டும். இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பிலும், தொடக்கக் கல்வி முடிவிலும், அதற்கடுத்த கட்டத்தின் முடிவிலும் எத்தனை விழுக்காட்டுப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் குறைந்தபட்சத் தேர்ச்சி அடைந்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் முதல் அளவுகோல். அது நாட்டின் கல்வி அமைப்புக்கு வைக்கும் சோதனை. அதைத் திருப்பிப் பத்து வயதுப் பிள்ளைக்கு வைக்கும் தேர்வாக மாற்றுவது இலக்கின் பெயரால் செய்யும் தவறு.

நமது சட்டம் கட்டடம், கழிப்பறை, குடிநீர், வேலை நாள் என்று எண்ணக்கூடியவற்றையே பார்த்தது, கற்றலைப் பார்க்கவில்லை என்ற குறை பல காலமாகச் சொல்லப்படுகிறது. பெருமளவு அது உண்மை. ஆனாலும் 24ஆவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது: ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் ஆசிரியர் மதிப்பிட்டு, தேவைப்படும் கூடுதல் பயிற்சியைத் தர வேண்டும். 2017இல் மத்திய விதிகளைத் திருத்தி வகுப்புவாரியான கற்றல் விளைவுகளையும் சேர்த்தார்கள். விதை அங்கேயே இருக்கிறது. விதைத்தவர்கள் தண்ணீர் விடவில்லை. ஏனென்றால் கூடுதல் பயிற்சி தரும் கடமையை ஆசிரியர் மேல் சுமத்திய அதே சட்டம், 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் போதும் என்று அட்டவணையில் எழுதியிருக்கிறது. உங்கள் பள்ளி முழுக்கச் சட்டப்படி நடக்கும் பள்ளி. ஒரு அறையில் ஒன்று முதல் மூன்று, இன்னொன்றில் நான்கும் ஐந்தும். நீங்கள் ஒரு பயிற்சிக்கோ அலுவலகத்துக்கோ போன நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். மாணவர் விகிதம் பார்த்தால் ஆசிரியருக்கு இருபத்து நான்கு பிள்ளைகள்கூட இல்லை, அறிக்கையில் அருமையாகத் தெரியும். வகுப்பறையில் நடப்பது அந்த எண்ணில் வராது.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அவரவர் நிலைக்கு ஏற்பக் குழுவாகப் பிரித்துக் கற்பிப்பதால், சரியான திசையில் போகும் முயற்சி என்றே கருதுகிறேன். பதிவேற்றும் வேலை அதில் குறைய வேண்டும். சட்டத்தில் மாற்ற வேண்டியது அட்டவணை: பிள்ளைகளின் எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஐந்து வகுப்புள்ள பள்ளிக்குக் குறைந்தது மூன்று ஆசிரியர்கள். பின்தங்கிய பிள்ளைக்குக் கூடுதல் கற்பித்தல் கிடைப்பது அந்தப் பிள்ளையின் உரிமை என்றும், அதற்கு ஆள் கொடுப்பது அரசின் கடமை என்றும் எழுதிவிட்டால், உலக இலக்கு கேட்கும் விளைவு தேர்வு இல்லாமலே வரும்.

எங்கள் ஊர்ச் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து குடும்பமாக வந்து தங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளைச் சேர்க்கப் போனால் மாற்றுச் சான்றிதழும் ஆதாரும் கேட்கிறார்கள். என்ன செய்வது?
– தன்னார்வலர், திருமங்கலம்

இரண்டும் இல்லாமலே சேர்க்க வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்கிறது 14ஆவது பிரிவு. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவது சேர்க்கையை மறுக்கக் காரணம் ஆகாது என்கிறது 5ஆவது பிரிவு. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்கிறது 15ஆவது பிரிவு. புலம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளைச் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்றே 9ஆவது பிரிவு தனியாகச் சொல்கிறது. பள்ளிச் சேர்க்கைக்கு ஆதார் கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. இந்தப் பிரிவு எண்களை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள்; தலைமை ஆசிரியர் தயங்கினால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். படிக்காமல் வளர்ந்த பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்காமல், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு.

அரசமைப்பின் 21-ஏ பிரிவு குடியுரிமையைக் கேட்பதில்லை. ஆனையூர், திருவாதவூர் மறுவாழ்வு முகாம்களில் வளரும் ஈழத்துப் பிள்ளைகளுக்கும் அதே உரிமை.

சூளை மூடும் காலத்தில் அந்தக் குடும்பங்கள் ஊர் திரும்பும்போது படித்ததற்கான பதிவைப் பெற்றோர் கையில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் அங்கே மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பார்வைக் குறைபாடு உள்ள என் தம்பி மகனுக்குப் பதினைந்து வயது. அவனுக்கும் இந்த எல்லை பொருந்துமா?
– வாசகி, செல்லூர்

பொருந்தாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு சான்றளிக்கப்பட்ட குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை தருகிறது. அடையாள அட்டை வாங்காமல் இருந்தால் முதலில் அதை வாங்குங்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு 18 வரை எழுத முடிந்த நாடாளுமன்றம் எல்லாக் குழந்தைகளுக்கும் எழுதலாம் என்பதற்கு இந்தச் சட்டமே சான்று.

எல்லாவற்றையும் 3 முதல் 18 வயது வரை விரிப்பதற்குப் பணம் எங்கே இருக்கிறது? இருக்கும் 25 விழுக்காட்டுச் சேர்க்கைக்கே 2025இல் இழுபறி ஆனதே?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கே.கே. நகர்

உங்கள் கேள்வி நியாயமானது. கல்விக்கு நாட்டு வருமானத்தில் 6 விழுக்காடு என்று 1966இல் அறிக்கை தந்த கோத்தாரி குழு சொல்லி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. இஞ்சியோன் மாநாட்டைத் தொடர்ந்து வந்த செயல்திட்டமும் 4 முதல் 6 விழுக்காடு அல்லது அரசின் மொத்தச் செலவில் 15 முதல் 20 விழுக்காடு என்கிறது. இரண்டுக்கும் சட்டப் பிடி கிடையாது. 1976இல் கல்வி, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போன பிறகு செலவு யாருடையது என்ற தகராறு ஓயவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 7ஆவது பிரிவு நிதிப் பொறுப்பை மத்திய, மாநில அரசுகள் இரண்டின் மேலும் வைக்கிறது. ஆனால் எந்த விகிதத்தில், எந்தத் தேதிக்குள் என்று பிரிவில் இல்லை. அதனால்தான் வேறொரு திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்ற காரணத்துக்காகத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி நிறுத்தப்பட்டபோது, எல்.கே.ஜி.யில் சேரக் காத்திருந்த குழந்தைகள் ஜூன் தாண்டியும் காத்திருந்தார்கள். சட்டப்படியான உரிமைக்கான நிதியை அப்படிப் பிற நிபந்தனைகளோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. வயது வரம்பை விரிக்கும் திருத்தம் வந்தால், பங்கீட்டு விகிதமும் விடுவிக்கும் காலக்கெடுவும் அதே திருத்தத்தில் எண்ணாக எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் விரிந்த உரிமையும் இதே போலத் தொங்கும்.

நான் எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். ஐ.நா. இலக்கு, நாடாளுமன்றத் திருத்தம் எல்லாம் எங்கள் கைக்கு எட்டாதவை. மாதக் கூட்டத்தில் நாங்கள் என்ன செய்ய முடியும்?
– உறுப்பினர், அலங்காநல்லூர் ஒன்றியம்

நீங்கள் நினைப்பதைவிட அதிகம், அம்மா. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கும் அதிகாரம் 22ஆவது பிரிவின்படி உங்களுடையது. அந்தத் திட்டத்தின் அடிப்படையில்தான் அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

உங்கள் குடியிருப்பில் இருக்கும் குழந்தைகளின் பதிவேட்டை உள்ளாட்சி அமைப்பு பராமரிக்க வேண்டும் என்று 9ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் 14 வயது வரை மட்டும். நீங்கள் 3 வயதிலிருந்து 18 வரை எழுதுங்கள். தெருவாரியாக, பெயர், வயது, இப்போது எங்கே படிக்கிறது, படிக்கவில்லை என்றால் எங்கே போகிறது என்று நான்கே நான்கு பத்திகள் போதும். அங்கன்வாடிப் பணியாளரிடம் சின்னப் பிள்ளைகளின் கணக்கு ஏற்கெனவே இருக்கும். எட்டாம் வகுப்பு முடித்தவர்களின் பெயர் உங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும். கடந்த மூன்று ஆண்டுகளின் பெயர்களை எடுத்து, ஒவ்வொரு வீடாகப் போய், இன்று எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அரசு அறிக்கைகளில் இடைநிற்றல் ஒரு விழுக்காடாக வரும். உங்கள் நோட்டில் அது இன்ன தெரு, இன்ன வீட்டுப் பெண் என்று வரும்.

கட்டடத்தையும் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்ததை ஒட்டி வந்த பொதுநல வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. சமையல் கூடம் வகுப்பறைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, தீயணைப்புக் கருவி காலாவதி ஆகிவிட்டதா, சுவரில் விரிசல் உண்டா, மழையில் மின்கசிவு வருகிறதா என்று நீங்களே நேரில் பார்த்துத் தீர்மான நோட்டில் எழுதலாம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வராமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கணக்கு தயாரானதும் கிராம சபைக்குக் கொண்டு போங்கள். ஆகஸ்டு 15, அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 ஆகிய நாள்களில் கூடும் சபையில் மூன்று கோரிக்கைகளைத் தனித்தனித் தீர்மானமாக வையுங்கள்: ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரப் பேருந்து; அங்கன்வாடிக்கு முன்பருவ ஆசிரியர்; கல்வி உரிமைச் சட்டத்தின் வயது வரம்பை 3 முதல் 18 ஆக்கக் கோரி மாநில, மத்திய அரசுகளுக்கு வேண்டுகோள். ஒரே தீர்மானமாகப் போட்டால் எந்தத் துறைக்கு அனுப்புவது என்று கேட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். நிறைவேறிய தீர்மானத்தின் நகலை ஊராட்சிச் செயலரிடம் கையொப்பத்தோடு வாங்கி, முதல் இரண்டையும் மாவட்ட ஆட்சியருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும், மூன்றாவதை உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அனுப்பிய ரசீதைத் தீர்மான நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக அதற்கு வந்த பதிலை எடுத்துக்கொள்ளலாம்.